செவி கற்ற இலக்கணம்

(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொங்கல் விழாவில் இலக்கியம் பற்றிச் சிறிது நேரம் பேசுக என்று செயலாளர் எம்மைப் பணித்தபோது யாம் தயங்கினோம். யாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கூடத்துக்கும் எமக்கும் இருந்த உறவு அறுந்தது. இந்தக் கரக்பூரில் சரக்கு வண்டிகளின் எண்ணையும் எடையையும் பதிவு செய்யும் ஒரு குமாஸ்தா யாம். அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக் காரிகையை ஆசிரியரிடம் பாடம் கேட்டோம் அல்லோம். குணசாகரர் உரையோடு கூடிய ஒரு பிரதியை வாங்கிவைத்துக்கொண்டு, பணி முடிந்த இரவுகளில் எமக்கு விளங்கிய அளவிற் படித்திருக்கின்றோம். அவ்வளவே எம் தகுதி. எனினும், சென்ற ஐப்பசித் திங்களில் எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, எதுகை மோனை என்பவை புலவர்க்கு மட்டும் உரிய பொருள்கள் அல்ல என்பதை எமக்கு உணர்த்திற்று. அதனையே உங்கள்முன் வைக்க வந்தோம்.

எம் அன்னையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். எழுத்தறியாதவர். நாற்று நட்டும் களை பறித்தும் எம்மை வளர்த்தவர். தந்தையார் மறைந்தபின் எம்மோடு இங்கு வந்து பதினோராண்டு வாழ்ந்தார். வங்கமும் இந்தியும் அவர் நாவில் ஏறவில்லை. எம் மகளைத் தூங்கவைப்பதே அவருக்கு இங்கிருந்த பெரும்பணி. அதற்கென ஒரு தாலாட்டுப் பாடுவார். நான்கு ஆண்டுகட்கு முன் அவர் மறைந்தார்.

எம் மகளுக்கு இப்போது வயது பதினான்கு. வங்கம் படிப்பாள், இந்தியும் ஆங்கிலமும் படிப்பாள். தமிழ் பேசுவாள்; எழுதவும் படிக்கவும் அறியாள். இக்குற்றம் அவளுடையது அன்று, எம்முடையதே. அடுத்த கோடை விடுமுறையிற் கற்பிப்போம் என்று பல கோடைகளைக் கழித்துவிட்டோம். அந்தப் பெண் சென்ற ஐப்பசியில் எம்மிடம் வந்து, “வரும் ஆண்டு விழாவில் அப்பாயி பாடின பாட்டை நான் பாடட்டுமா அப்பா?” என்று கேட்டாள். தன் நினைவில் இருந்ததை வங்க எழுத்தில் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள். யாம் அதனைத் தமிழிற் பெயர்த்து எழுதினோம்.

முல்லைக் கொடியோரம் முற்றம் மெழுகிவச்சேன்
கொள்ளைக் கிணற்றோரம் கோலக் கிளிவளர்த்தேன்
. . . மணியே நீ நித்திரை கொள்ளாயோ

மூன்றாம் அடியின் முதற்சொல் அவளுக்கு மறந்துவிட்டது. எமக்கும் நினைவில்லை. எத்தனை இரவுகள் அடுத்த அறையிலிருந்து கேட்ட பாட்டு! கேட்டோமேயன்றிக் கவனித்தோமில்லை. எம் இல்லாள், “அத்தை ‘தங்க மணியே’ என்றுதான் பாடியிருப்பார்கள்” என்றார். மகள், “இல்லை, ‘நல்ல மணியே’” என்றாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், “‘நீல மணியே’ என்று இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!” என்றார். மூன்றும் பொருள் உடையன. மூன்றையும் பாடலாம். ஆனால் எம் அன்னையார் பாடியது எது?

அன்பர்களே! இங்கேதான் காரிகை எமக்குத் துணை வந்தது. சிறுவர்க்கும் விளங்கும்படி இரண்டு சொற்களை முதலிற் சொல்லிவிடுகின்றோம். சீர்களின் முதலெழுத்து ஒத்து வருவது மோனை. முதலெழுத்து, குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. பட்டு, கட்டு, தட்டு என்பவை தம்முள் எதுகை. பாட்டு, கூட்டு என்பவை தம்முள் எதுகை. பட்டும் பாட்டும் எதுகை ஆகா. இரண்டாம் எழுத்து ஒன்றே ஆயினும், ஒன்று குறிலில் தொடங்குகின்றது, மற்றொன்று நெடிலில் தொடங்குகின்றது. ஒரு கால் குட்டையான நாற்காலியில் அமர்ந்தால் உடல் எவ்வாறு அறிந்துகொள்ளுமோ, அவ்வாறே செவி இதனை அறிந்துகொள்ளும்.

மோனைக்கு அதே எழுத்துத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்னும் பழமொழியில் ஊகாரத்துக்கு ஒகரம் மோனையாக நிற்பது இதனால்தான். மெய்யோடு கூடி வரும்போதும் இம்முறையே பொருந்தும். கூழுக்குக் குடி மோனை; கூழுக்குக் கட்டு மோனையன்று. மெய்களுள்ளும் சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் இனமாகக் கொள்ளப்பெறும்.

இனித் தாலாட்டுக்கு வருவோம். முதலடியில் முதற்சீர் ‘முல்லை’, மூன்றாம் சீர் ‘முற்றம்’. முகரத்துக்கு முகரம் மோனை. ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் இவ்வாறு ஒன்றுவதைப் பொழிப்பு என்பர். இரண்டாம் அடியிலும் ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்குமே மோனை: கொ, கோ. ஆகவே மூன்றாம் அடியிலும் ‘நித்திரை’ என்னும் மூன்றாம் சீருக்கு மோனையாக, நி, நீ, நெ, நே என்பவற்றுள் ஓரெழுத்தால் அந்த மறந்த சொல் தொடங்கியிருத்தல் வேண்டும்.

அடுத்து எதுகையைக் காண்க. முதலடி ‘முல்லை’, இரண்டாம் எழுத்து லகர ஒற்று. இரண்டாம் அடியில் எம் மகள் எழுதியிருந்தது ‘கொள்ளை’. வங்க எழுத்தில் லகரம் உண்டு. நம் ளகரமும் ழகரமும் இல்லை. அவள் எழுதிய ஒரே எழுத்தை யாம் ளகரமாகப் படித்துவிட்டோம். வீட்டின் பின்புறத்துக் கொல்லை, கொள்ளையாகிவிட்டது! முல்லையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எம் பிழை எமக்கே தெரிந்தது. முல்லை, கொல்லை என்று இரண்டு அடிகள் ஒரே எதுகையில் நடந்தால், மூன்றாவது அடியும் அவ்வழியே நடக்கும். ஆகவே மறந்த சொல் குறிலில் தொடங்கி, இரண்டாம் எழுத்தாக லகர ஒற்றை உடையதாய் இருத்தல் வேண்டும்.

இப்போது மூன்று விடைகளையும் சோதிப்போம். ‘தங்க’ என்பது எதுகைக்கும் பொருந்தவில்லை, மோனைக்கும் பொருந்தவில்லை. ‘நல்ல’ என்பது எதுகைக்குப் பொருந்துகின்றது. ஆயினும் நகரம் அகரத்தோடு கூடியது, ‘நித்திரை’யில் உள்ள நிகரத்துக்கு இனம் அன்று. ‘நீல’ என்பது மோனைக்குப் பொருந்துகின்றது. நெடிலில் தொடங்குவதாலும் இரண்டாம் எழுத்து ஒற்றாக இல்லாமையாலும் எதுகைக்குப் பொருந்தவில்லை. இரண்டு பூட்டுகளையும் ஒருங்கே திறக்கும் திறவுகோல் எது? நெ என்று தொடங்கி, லகர ஒற்றைப் பெற்று, மணிக்கு அடைமொழியாய் வரும் சொல் எது?

நெல்லு மணி.

இச்சொல் எம் வாயில் வந்தபோது எம் அன்னையாரின் குரல் எம் செவியிற் கேட்டதுபோல் இருந்தது. ஆயினும், கணக்கு எழுதும் தொழிலினராகிய யாம் எம் கணக்கை மற்றொருவரிடம் காட்டாமல் ஒப்பமிடுவதில்லை. ஊரில் இருக்கும் எம் சின்னம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, எந்தச் சொல்லையும் எடுத்துக்கொடாமல், “அம்மா பாடும் தாலாட்டைப் பாடுங்கள்” என்று மட்டும் கேட்டோம். அவர் பாடினார், ‘நெல்லு மணியே’ என்றே பாடினார். “சிலர் இதனைத் தங்க மணியே என்கிறார்களே சின்னம்மா” என்றோம். அதற்கு அவர், “அக்கா தங்கத்த எங்க தம்பி பாத்துச்சு? அது பாத்ததெல்லாம் நெல்லுதானே?” என்றார்.

பெரியோர்களே! அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் எம்மால் சிறிது நேரம் பேச இயலவில்லை. தங்க மணி என்பது எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். நெல்லு மணி என்பது வயலில் முதுகு வளைந்து நின்ற ஒருத்தி தன் பேத்திக்கு இட்ட பெயர். அச்சொல் போயிருந்தால் அவருடைய வாழ்வே அப்பாட்டிலிருந்து போயிருக்கும். போனதும் நமக்குத் தெரிந்திராது. எழுத்தறியாத அவர் அச்சொல்லை எதுகையாலும் மோனையாலும் இரண்டு பக்கமும் கட்டிவைத்துச் சென்றமையால் அது மீண்டது.

எம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அனுமதி வேண்டுகின்றோம். நம் இரயில்வேயின் ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்கம் கொண்ட எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையைக் குறிக்கும். அடுத்த இரண்டு அதற்கு உரிய இரயில்வேயையும், அதற்கடுத்த இரண்டு அது கட்டப்பெற்ற ஆண்டையும், பின்வரும் நான்கு அதன் தனி எண்ணையும் குறிக்கும். பதினோராவது இலக்கம் எதனையும் குறிப்பதன்று. முன்னுள்ள பத்து இலக்கங்களையும் வைத்து ஒரு கணக்குச் செய்தால் அந்த இலக்கம் வரவேண்டும். வாராவிடின் எங்கோ ஓர் எண் பிழையாக எழுதப்பட்டுள்ளது என்று பொருள். அதன் பெயர் சரிபார்ப்பு இலக்கம். மழையில் நனைந்து, கரி படிந்து, எண் மங்கிய வேகன்களின் முன் நின்று அந்த இலக்கத்தால் எம் பிழையை யாம் திருத்திக்கொண்ட நாள்கள் பல. நம் முன்னோர் செய்யுளுக்குள் வைத்த சரிபார்ப்பு இலக்கமே எதுகையும் மோனையும்.

இது எம் கற்பனையன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு தெளிவாகக் காட்டப்படுவதும் இல்லை. செல்லரித்த இடங்கள் வேறு. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பை நாம் அறிவோம். ஓரிடத்தில் இரண்டு பாடங்கள் காணப்படின், எது எதுகைக்கும் மோனைக்கும் இயைகின்றது என்று பார்ப்பது பதிப்பாசிரியர்க்கு ஒரு துணை. யாம் எம் வீட்டுக் கூடத்தில் செய்ததும் அச்செயலின் ஒரு சிறு துளியே.

இனி, நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரிற் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் செவி, அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவதை எதிர்பார்த்துப் பழகியது. வங்கத்துப் பயார் என்னும் யாப்பில் ஓர் அடிக்கு 14 எழுத்து. எட்டில் ஒரு நிறுத்தம், பின் ஆறு. இரண்டு அடிகளின் இறுதியும் ஒன்றும். இந்தியின் தோகா என்னும் யாப்பில் 13 மாத்திரையும் 11 மாத்திரையுமாக அடி நடந்து, இறுதியில் ஒலி ஒன்றும். இதனை நம் நூல்கள் இயைபு என்று கூறும். நம்மிடமும் அது உண்டு. ஆனால் தமிழ்ச் செய்யுளின் பெருவழக்கு அடியின் தலையில் இருக்கின்றது. வால் பக்கம் காத்து நிற்கும் பிள்ளைக்குத் தலைப்பக்கம் போய்விட்ட வண்டி தெரிவதில்லை. “இந்தப் பாட்டில் ஒலி ஒன்றவே இல்லையே!” என்று அவர்கள் கூறுவது அறியாமையன்று, அவர்களை எங்கே நிற்கச் சொல்வது என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

எம்மோடு பணியாற்றும் தெலுங்கு நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது அவர் நகைத்து, “இது எங்கள் வீட்டிலும் உண்டு” என்றார். தெலுங்கில் உத்பலமாலை என்னும் விருத்தத்தில் நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றியே தீரவேண்டும்; அதனைப் பிராசம் என்பர். ஒவ்வோர் அடியிலும் முதலெழுத்துக்குப் பத்தாம் எழுத்து இனமாக நிற்கவேண்டும். அதனை யதி என்பர். நம் எதுகைக்கும் மோனைக்கும் அவை உடன்பிறந்தார் போல்வன. அவர் ஒரு பாட்டைச் சொல்ல, பொருள் சிறிதும் விளங்காமலே யாம் இரண்டாம் எழுத்தைக் கண்டுகொண்டோம். அன்று ஒன்று தெளிந்தோம்: இவற்றை அறிவதற்குப் பொருள் அறிவு முன்னே வேண்டுவதில்லை, எழுத்தறிவும் வேண்டுவதில்லை. எம் அன்னையாருக்கு எழுத்து ஏது? செவி ஒன்றே போதும்.

ஆகவே, தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கு யாப்பிலக்கணம் எதற்கு என்று கேட்போருக்கு எம் விடை இது: எழுத்துக்கு முன்னரே இதனைக் கற்பிக்கலாம். எம் மகளிடம் யாம் கையாண்ட முறையைச் சொல்கின்றோம். ஊருக்குச் செல்லும் இரயிலில் நிலையப் பெயர்களை உரக்கச் சொல்லச் செய்தோம். விஜயநகரம், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று வரும்போது, “முதலெழுத்தைப் பிடி, இது மோனை” என்றோம். தெனாலியும் காவலியும், நெல்லூரும் கூடூரும் வரும்போது, “இறுதியைப் பிடி, இது இயைபு” என்றோம். எதுகைக்கு அவ்வழியில் எளிய நிலையம் அகப்படவில்லை. அதற்குப் பழமொழிகளை நாடினோம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதில் ஆடியும் தேடியும் எதுகை. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பதில் பந்தி, முந்து, பிந்து மூன்றும் எதுகை. பந்திக்கும் படைக்கும் மோனை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி’ என்பதில் முற்பகுதி முழுதும் ககர மோனை, பிற்பகுதி முழுதும் கூ, கு என்னும் மோனை. முதலில் கேட்டுக் கை தட்டுவாள். பிறகே காரணம் கேட்பாள்.

ஒரு நாள் ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்றோம். “சிறு, பெரு எதுகை!” என்று கை தட்டினாள். அன்று றகரம் வேறு, ரகரம் வேறு என்று சொல்ல நேர்ந்தது. ஒன்று வல்லினம், மற்றொன்று இடையினம். எப்படி வேறு என்று கேட்டாள், எழுதிக்காட்டு என்றாள். நாங்கள் பல கோடைகளில் தொடங்காத தமிழ் அரிச்சுவடியை அவளே அன்று கேட்டு வாங்கினாள். செவி ஐயுற்ற இடத்தில் கண்ணுக்கு எழுத்து வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எதுகை மோனை இருந்தால் அது கவிதை என்று எண்ணுதல் கூடாது. விளம்பரப் பலகையிலும் அவை உண்டு. இவை எதுவும் இன்றி அமையும் செய்யுளையும் நம் நூலோர் ஒதுக்கவில்லை. செந்தொடை என்று அதற்கும் ஒரு பெயரிட்டுப் போற்றினர். மேலும், எதுகைக்காகவே இழுத்துவந்த சொல் தானே காட்டிக்கொடுக்கும். எம் தாலாட்டில் ‘நெல்லு’ என்பது எதுகைக்குப் பொருந்தியது மட்டும் அன்று. பாடியவரின் வாழ்வுக்கும் பொருந்தியது. ஒலியும் உண்மையும் ஓரிடத்திற் சந்திக்கும்போதே அது பாட்டாகின்றது.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்குச் சென்ற ஆண்டு பதினெட்டுப் பிள்ளைகள் வந்தனர். இவ்வாண்டு ஏழு பேரே வருகின்றனர். வகுப்பை மூடிவிடலாமா என்ற பேச்சும் சென்ற செயற்குழுவில் எழுந்தது. எம் வேண்டுகோள் ஒன்றே. மூடுமுன், முதல் அரைமணி நேரத்தைச் செவிக்குக் கொடுங்கள். பாட்டிமார் இங்கு இன்னும் சிலர் இருக்கின்றனர். தாலாட்டும் விடுகதையும் நடவுப் பாட்டும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. அவர்களை வகுப்புக்கு அழைத்து வந்து அமரவையுங்கள். அவர்கள் பாடட்டும், பிள்ளைகள் தலையெழுத்தைப் பிடிக்கட்டும், இரண்டாம் எழுத்தைப் பிடிக்கட்டும். அதன்பின் திருக்குறளுக்கு வரலாம். நாற்சீர் ஓரடி, முச்சீர் ஓரடி என்று அமைந்த அக்குறள்களிற் பலவற்றின் இரண்டு அடிகளும் எதுகை என்னும் ஒரு கொக்கியால் இரண்டு பெட்டிகள்போல் இணைக்கப்பட்டிருப்பதை அவர்களே கண்டு சொல்வார்கள்.

யாம் பதினோராண்டுக் காலம் ஒரு புலவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவரைப் புலவர் என்று அறியாமல் இருந்தோம். அவர் பாடிய பாட்டுகளுள் எமக்கு எஞ்சியது மூன்று அடி. உங்கள் வீட்டில் இருப்போரிடம் இன்று இரவே கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றோம். வரும் ஆண்டு விழாவில் எம் மகள் அந்த மூன்று அடியையும் பாடுவாள். இம்முறை தாள் தமிழெழுத்தில் இருக்கும், அவளே எழுதியிருக்கிறாள். நெல்லு மணியில் உள்ள ணகரத்துக்கு இன்னும் ஒரு சுழி கூடுதலாக இடுகின்றாள். ஆண்டு விழாவுக்குள் அதுவும் திருந்திவிடும்.